கிரீம் கெட்டியாவது எதனால்? தென்னை விவசாயக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்துவிடுகிறது. சித்திரை வெயிலில் தண்ணீராக ஓடுகிறது. ஆனால் கடையில் விற்கும் முகக் கிரீம் இரண்டு காலத்திலும் ஏறக்குறைய ஒரே பதத்தில் இருக்கிறது. டப்பாவைச் சாய்த்தாலும் சிந்துவதில்லை; விரலால் தொட்டால் வெண்ணெய் போல வருகிறது. இத்தனைக்கும் அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். தண்ணீரும் எண்ணெயும் ஒன்றாக நின்று இந்தப் பதத்தைப் பெறுவதற்குக் காரணமான பொருள்களில் முக்கியமானது கொழுப்பு ஆல்கஹால். மெழுகு போன்ற இந்தப் பொருள் தேங்காய் எண்ணெயிலிருந்தும் பாமாயிலிலிருந்தும் தயாரிக்கப்படுகிறது. ஆகவே தென்னை விவசாயிகளுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

தென்னை வளரும் ஊர்களில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் கிரீம், தலைமுடிப் பூச்சு போன்றவற்றைச் செய்து விற்க இப்போது ஆர்வம் காட்டுகின்றன. எண்ணெய் வீட்டில் இருக்கிறது, கற்றாழை வேலி ஓரத்தில் இருக்கிறது, இரண்டையும் மிக்சியில் அடித்தால் கிரீம் தயார் என்று எண்ணித் தொடங்குகிறார்கள். அடித்த அன்று அது வெள்ளை வெளேரென்று அழகாகத்தான் இருக்கும். சில நாட்களில் எண்ணெய் மேலும் தண்ணீர் கீழுமாகப் பிரியும். அடுத்து மூடியின் உட்புறத்தில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம் படியும். வாங்கியவர்கள் திருப்பிக் கொடுப்பார்கள். டப்பாவுக்கும் லேபிளுக்கும் போட்ட சேமிப்புப் பணம் முடங்கிவிடும். இந்த நஷ்டத்தைத் தவிர்க்க, கிரீம் எப்படிக் கெட்டியாகிறது, எதனால் கெடுகிறது, எவ்வளவு காயை அது பயன்படுத்தும் என்ற மூன்று செய்திகளையும் முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

கொழுப்பு ஆல்கஹால் என்றால் என்ன?

ஆல்கஹால் என்றதும் சாராயம் நினைவுக்கு வருவது இயல்பு. வேதியியலில் ஆல்கஹால் என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். சாராயத்தில் உள்ள எத்தனால் அக்குடும்பத்தில் மிகச் சிறிய உருப்படிகளுள் ஒன்று. அதில் இரண்டு கரி அணுக்களே உள்ளன. கொழுப்பு ஆல்கஹாலில் 12, 14, 16, 18 என்று கரி அணுக்கள் சங்கிலிக் கண்ணிகளைப் போல வரிசையாகக் கோத்திருக்கும். சங்கிலி நீள நீள, பொருள் கெட்டிப்படும். எத்தனால் நீராக ஓடும், ஆவியாகப் பறக்கும், தோலை உலர்த்தும். 16 கண்ணிகள் உள்ள சீட்டைல் ஆல்கஹாலோ வெள்ளை மெழுகுச் செதிலாக இருக்கும். அது தண்ணீரில் கரையாது, போதை தராது, தோலை உலர்த்தாமல் மென்மையாக வைக்கும். மிகச் சிலருக்கு மட்டும் இதனால் ஒவ்வாமை ஏற்படுவதுண்டு.

இவற்றின் உருகுநிலையைப் பார்த்தால் பயன் எளிதில் விளங்கும். 12 கண்ணியுள்ள லாரைல் ஆல்கஹால் சுமார் 24 டிகிரி சென்டிகிரேடில் உருகும். 16 கண்ணியுள்ள சீட்டைல் ஆல்கஹால் உருக 49 டிகிரியும், 18 கண்ணியுள்ள ஸ்டியரைல் ஆல்கஹால் உருக 59 டிகிரியும் வேண்டும். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகிவிடுவதால்தான் வெயில் காலத்தில் நீர்த்துப்போகிறது. கோடையில் 40 டிகிரி வெப்பம் அடித்தாலும் சீட்டைல், ஸ்டியரைல் ஆல்கஹால்கள் உருகுவதில்லை. அவை சேர்ந்த கிரீமும் பதம் மாறாமல் நிற்கிறது.

கிரீம் டப்பாவிலும் கண்டிஷனர் பாட்டிலிலும் சேர்மானப் பட்டியலைப் பார்த்தால் சீட்டைல் ஆல்கஹால், ஸ்டியரைல் ஆல்கஹால், சீட்டோஸ்டியரைல் ஆல்கஹால் அல்லது சீட்டியரைல் ஆல்கஹால் என்று அச்சிட்டிருக்கும். கடைசி இரண்டும் ஒன்றுதான். 16 கண்ணியும் 18 கண்ணியும் கலந்த கலவைக்கு அப்பெயர்.

திமிங்கிலத்தில் தொடங்கிய கதை

இந்தப் பொருளை முதன்முதலில் பிரித்துக் கண்டவர் பிரெஞ்சு வேதியியல் அறிஞர் செவ்ரூல். 1817-ஆம் ஆண்டில் அவர் திமிங்கிலத்தின் தலையில் இருந்து எடுக்கும் மெழுகைக் காரத்துடன் சேர்த்துக் காய்ச்சி இதைப் பெற்றார். இலத்தீன் மொழியில் திமிங்கிலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்தே சீட்டைல் என்ற பெயர் வந்தது. மெழுகுவத்தி, களிம்பு, இயந்திர எண்ணெய் ஆகியவற்றுக்காகத் திமிங்கிலங்கள் பெருமளவில் கொல்லப்பட்டன. வணிக நோக்கில் திமிங்கிலம் பிடிப்பதை நிறுத்தி வைப்பதென்று சர்வதேசத் திமிங்கில ஆணையம் 1982-இல் முடிவு செய்தது. அம்முடிவு 1986-இல் நடைமுறைக்கு வந்தது.

அதற்கு வெகுகாலம் முன்பே தாவர எண்ணெயிலிருந்து கொழுப்பு ஆல்கஹால் எடுக்கும் வழி கண்டறியப்பட்டிருந்தது. முதலில் எண்ணெயைப் பிளந்து கொழுப்பு அமிலமாகவோ, மெத்தனாலுடன் சேர்த்து மெத்தில் எஸ்டராகவோ மாற்றுகிறார்கள். அப்போது கிளிசரின் தனியாகப் பிரிந்து கிடைக்கிறது. பின்னர் மிக உயர்ந்த அழுத்தத்திலும் 200 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலும் செம்பு கலந்த வினையூக்கியின் உதவியுடன் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்துகிறார்கள். கொழுப்பு அமிலம் கொழுப்பு ஆல்கஹாலாக மாறுகிறது. அதைக் காய்ச்சி வடித்து 12, 14, 16, 18 கண்ணிகள் உள்ள பகுதிகளைத் தனித்தனியே பிரிக்கிறார்கள். இது பெரிய தொழிற்சாலையில் மட்டுமே நடக்கக்கூடிய வேலை. செக்கு வைத்திருப்பவரோ மகளிர் குழுவோ செய்யக்கூடியது அன்று. கிராமத்தில் கிரீம் செய்ய விரும்புவோர் கொழுப்பு ஆல்கஹாலை வாங்கித்தான் ஆகவேண்டும்.

பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் எத்திலீன் வாயுவைக் கொண்டும் கொழுப்பு ஆல்கஹால் தயாரிக்கப்படுகிறது. லேபிளில் உள்ள பெயரை வைத்து மட்டும் அது தென்னையிலிருந்து வந்ததா, எண்ணெய்ப்பனையிலிருந்து வந்ததா, பெட்ரோலியத்திலிருந்து வந்ததா என்று சொல்ல இயலாது.

நுரைக்குத் தென்னை, கெட்டிக்கு எண்ணெய்ப்பனை

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி, 12 கண்ணியுள்ள லாரிக் அமிலம். 16 கண்ணியுள்ள பால்மிடிக் அமிலம் அதில் 8 முதல் 10 சதவீதமே இருக்கிறது. பாமாயிலிலோ பால்மிடிக் அமிலம் சுமார் 44 சதவீதம். பாமாயில் என்பது எண்ணெய்ப்பனையின் பழச்சதையில் எடுப்பது; நம்மூர்ப் பனைமரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதே எண்ணெய்ப்பனைப் பழத்தின் கொட்டைக்குள் உள்ள பருப்பில் எடுக்கும் எண்ணெய் மட்டும் தேங்காய் எண்ணெயைப் போலவே லாரிக் அமிலம் மிகுந்தது.

இந்த வேறுபாட்டை விவசாயிகள் மனத்தில் கொள்ளவேண்டும். கிரீமைக் கெட்டியாக்கும் 16, 18 கண்ணிச் சரக்குக்குப் பாமாயில் வகைகளே ஏற்றவை. தேங்காய் எண்ணெயிலிருந்து அதிகமாகக் கிடைக்கும் லாரைல் ஆல்கஹால் கெட்டிப்படுத்த அவ்வளவாக உதவாது. ஆனால் அதைக் கந்தக அமில வகைப் பொருள்களுடன் வினைப்படுத்தினால் ஷாம்பு, பற்பசை ஆகியவற்றில் நுரை தரும் பொருள் கிடைக்கிறது. லேபிளில் சோடியம் லாரைல் சல்பேட், சோடியம் லாரெத் சல்பேட் என்று காணப்படுபவை அவைதான்.

லாரைல் ஆல்கஹாலுக்காகத் தொழிற்சாலைகள் தேங்காய் எண்ணெயையும் எண்ணெய்ப்பனைப் பருப்பு எண்ணெயையும் மாற்றி மாற்றி வாங்க முடியும். எது மலிவோ அதை வாங்குகிறார்கள். பெரும்பாலும் மலிவாக இருப்பது இந்தோனேசியா, மலேசியா நாடுகளிலிருந்து வரும் பருப்பு எண்ணெயே. ஆகவே அழகுப்பொருள் தொழில் வளர்ந்தால் கொப்பரை விலை தானாக ஏறிவிடும் என்று எதிர்பார்ப்பதில் பயனில்லை. நமது நாட்டில் தேங்காய் எண்ணெய்க்கு நல்ல விலை தருபவர்கள் சமையலுக்கும் தலைக்கும் வாங்குபவர்களே. 2025-இல் அரவைக் கொப்பரைக்குக் குவிண்டாலுக்கு 11,582 ரூபாய் என்று மத்திய அரசு ஆதரவு விலை அறிவித்தது. அந்த ஆண்டு சந்தை விலை அதற்கும் வெகு மேலே சென்றது. காய் வரத்துக் குறைந்ததும் சமையல், தலைத் தேவை குறையாததுமே அதற்குக் காரணம்.

கிரீம் கெட்டியாவது எப்படி?

பாலில் கொழுப்பு மிக நுண்ணிய துளிகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. இப்படிப்பட்ட கலவையைப் பால்மம் என்பர். கிரீமும் ஒரு பால்மமே. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைக்க ஒரு பால்மமாக்கி தேவை. அதன் ஒரு முனை தண்ணீரையும் மறுமுனை எண்ணெயையும் நாடும்.

கொழுப்பு ஆல்கஹாலுக்கும் இரண்டு முனைகள் உண்டு. ஆனால் தண்ணீரை நாடும் முனை மிகச் சிறியது. எனவே அது மட்டும் தனியாகப் பால்மத்தைத் தாங்காது. பால்மமாக்கியுடன் சேர்த்து உருக்கி, சூடான தண்ணீரில் கலந்து ஆறவிட்டால் இரண்டும் கைகோத்து அடுக்கடுக்கான ஏடுகளாக அமைகின்றன. வாழைமரத்தைக் குறுக்கே வெட்டினால் மட்டைகள் ஒன்றையொன்று சுற்றி இருப்பதையும், இடையிடையே நீர் தேங்கி நிற்பதையும் காணலாம். கிரீமுக்குள்ளும் ஏறக்குறைய அதே அமைப்புதான். ஏடுகளுக்கு இடையில் தண்ணீர் சிறைப்படுகிறது. எண்ணெய்த் துளிகள் நகர முடியாமல் நிற்கின்றன. நூற்றுக்கு எழுபது பங்கு தண்ணீர் இருந்தும் கிரீம் ஓடாமல் நிற்பதன் காரணம் இதுவே.

இந்த ஏடுகள் முழுமையாக உருவாகச் சிறிது நேரம் பிடிக்கும். அதனால் சூட்டோடு பார்த்து நீர்த்திருக்கிறதே என்று மேலும் மெழுகு சேர்க்கக்கூடாது. ஓர் இரவு கழித்துப் பதம் பார்க்கவேண்டும். தனிச் சீட்டைல் ஆல்கஹாலையோ தனி ஸ்டியரைல் ஆல்கஹாலையோ போட்டால் நாள்பட நாள்பட அது பளிங்குத் துகளாகப் பிரிந்து கிரீம் நீர்க்கக்கூடும். இரண்டும் கலந்த சீட்டோஸ்டியரைல் ஆல்கஹாலே நீடித்து நிற்கும். வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குவது நல்லது.

சீயக்காயும் செம்பருத்தியும்

கெட்டிப்படுத்தும் வித்தை நமது பெண்களுக்குப் புதிதன்று. செம்பருத்தி இலையைக் கசக்கினால் வழவழப்பான சாறு வருகிறது. ஊறிய வெந்தயத்தை அரைத்தாலும், கஞ்சித் தண்ணீரில் சீயக்காயைக் கரைத்தாலும் குழம்புப் பதம் கிடைக்கிறது. இங்கே தண்ணீரைக் கெட்டிப்படுத்துவது பிசினும் மாவும். எண்ணெயைப் பிடித்து வைக்கும் ஆற்றல் இவற்றுக்குக் குறைவு. நுண்ணுயிர்களுக்கு இவை நல்ல உணவு என்பதால் மறுநாளே புளித்துவிடும். அன்றன்று அரைத்து அன்றன்றே தேய்த்துக் குளித்த பழைய வழக்கம் இதனால் ஏற்பட்டதே. அதே சாற்றைப் புட்டியில் அடைத்து ஆறு மாதம் வைத்து விற்க முயன்றால்தான் தொல்லை வருகிறது.

தலைமுடிக்கு எப்படிப் பயன்படுகிறது?

குளித்தபின் தடவி அலசும் கண்டிஷனரில் சீட்டோஸ்டியரைல் ஆல்கஹால் முக்கியச் சேர்மானம். நனைந்த முடியின் மேற்பரப்பில், குறிப்பாகச் சிதைந்த நுனிகளில், எதிர் மின்னூட்டம் உண்டு. நேர் மின்னூட்டமுள்ள ஒரு பால்மமாக்கியைச் சேர்த்தால் அது முடியில் ஒட்டிக்கொள்கிறது. கொழுப்பு ஆல்கஹால் அதனுடன் சேர்ந்து மெல்லிய படலமாகப் படிகிறது. சிக்கு எளிதில் பிரிகிறது, சீப்பு வழுக்கிச் செல்கிறது. முடி வளர்வதற்கும் இதற்கும் தொடர்பில்லை. வேரிலிருந்து முடியை வளர்க்கும் ஆற்றல் கொழுப்பு ஆல்கஹாலுக்குக் கிடையாது.

ஷாம்பு கெட்டியாவது வேறு வழியில். சோடியம் லாரெத் சல்பேட் உள்ள பெரும்பாலான ஷாம்புகளைக் கெட்டியாக்கச் சாதாரண உப்பைச் சிறிதளவு சேர்த்தாலே போதும். கெட்டியாக இருக்கும் ஷாம்பு வீரியமானது என்று எண்ணி அதிக விலை கொடுப்பதற்குக் காரணம் ஏதுமில்லை. கிரீமிலும் அப்படியே. கெட்டித்தன்மை என்பது பதம் மட்டுமே. அதை வைத்துத் தரத்தையோ மூலிகையின் அளவையோ மதிப்பிட முடியாது.

கிரீம் செய்யும் முறை

தேங்காய் எண்ணெய் கிரீம் ஒரு கிலோ தயாரிக்கத் தேவையானவை:

காய்ச்சி வடித்த நீர் – 720 கிராம்
தேங்காய் எண்ணெய் – 150 கிராம்
பால்மமாக்கும் மெழுகு (கடைகளில் எமல்சிபையிங் வாக்ஸ் என்று கேட்கவேண்டும்) – 60 கிராம்
சீட்டோஸ்டியரைல் ஆல்கஹால் – 20 கிராம்
கிளிசரின் – 40 கிராம்
பினாக்சி எத்தனால் அடங்கிய, கெடாமல் காக்கும் பொருள் – 10 கிராம்

எமல்சிபையிங் வாக்ஸ் என்பதே பெரும்பகுதி சீட்டோஸ்டியரைல் ஆல்கஹாலும் மீதி பால்மமாக்கியும் சேர்ந்ததுதான். சோடியம் லாரைல் சல்பேட் கலந்த வகை சிலருக்குத் தோல் எரிச்சலைத் தரும். தடவி அப்படியே விடும் கிரீமுக்குப் பாலிசார்பேட் கலந்த வகையை வாங்குவது நல்லது.

எல்லாவற்றையும் எடைக்கருவியில் நிறுத்தே எடுக்கவேண்டும். கரண்டிக் கணக்கு உதவாது. எண்ணெய், மெழுகு, சீட்டோஸ்டியரைல் ஆல்கஹால் மூன்றையும் ஓர் எவர்சில்வர் பாத்திரத்திலும், நீரையும் கிளிசரினையும் மற்றொரு பாத்திரத்திலும் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் கொதிநீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில் இறக்கி வைத்து 70 முதல் 75 டிகிரி வரை சூடாக்கவேண்டும். நேரடித் தீயில் வைக்கக்கூடாது. இரண்டும் ஒரே சூட்டில் இருப்பது மிக அவசியம். தண்ணீர் ஆறிப்போய் இருந்தால் மெழுகு உடனே உறைந்து திரிதிரியாகிவிடும்.

பிறகு இரண்டையும் ஒன்றாக ஊற்றி, கையில் பிடிக்கும் மின் கலக்கியால் இரண்டு மூன்று நிமிடம் அடிக்கவேண்டும். அதன்பின் காற்றுக் குமிழி புகாதவாறு மெதுவாகக் கிளறிக்கொண்டே ஆறவிட வேண்டும். 40 டிகிரிக்கு வந்ததும் பினாக்சி எத்தனால் உள்ள பொருளைச் சேர்த்து நன்றாகக் கலக்கவேண்டும். இதன் அளவைக் கண்மதிப்பாகக் கூட்டக்கூடாது. முழு எடையில் 1 சதவீதத்துக்கு மேல் பினாக்சி எத்தனால் போகக்கூடாது.

இன்னும் கெட்டியாக வேண்டுமானால் சீட்டோஸ்டியரைல் ஆல்கஹாலை 30 கிராமாக்கி, தண்ணீரை 10 கிராம் குறைக்கலாம். அளவுக்கு மீறிச் சேர்த்தால் கிரீம் மெழுகுபோல் இழுபட்டு, தோலில் தேய்க்கும்போது வெள்ளையாகப் படியும்.

கெடாமல் காப்பது முக்கியம்

எண்ணெயில் தண்ணீர் இல்லாததால் அது எளிதில் பூஞ்சணம் பிடிப்பதில்லை. கிரீமிலோ தண்ணீரே முக்கால் பங்கு. பார்வைக்கு நன்றாக இருக்கும் கிரீமிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகியிருக்கலாம். அதைக் கீறல், பரு, புண் உள்ள தோலில் தடவினால் சீழ் பிடிக்கும்; கண்ணில் பட்டால் ஆபத்து இன்னும் அதிகம். மாசு கலந்த ஒரு டப்பா ஒரு குழந்தையின் தோலில் புண்ணை உண்டாக்கிவிட்டால் அந்த ஊரில் அக்குழுவின் பெயர் மீளாது. எனவே "இரசாயனம் இல்லாதது" என்று சொல்வதற்காக, கெடாமல் காக்கும் பொருளை விட்டுவிடுவது பெருந்தவறு.

பச்சைக் கற்றாழைச் சோற்றைச் சேர்ப்பது கெடும் வாய்ப்பை அதிகமாக்கும். சேர்க்கத்தான் வேண்டுமானால் தோலுக்கடியில் வடியும் மஞ்சள் பாலை முழுதும் வடியவிட்டுக் கழுவவேண்டும். அது தோலை அரிக்கும். இதைவிட, பதப்படுத்தி உலர்த்திய கற்றாழைத் தூளை வாங்கிச் சிறிதளவு சேர்ப்பது பாதுகாப்பானது. பாத்திரம், கலக்கி, டப்பா ஆகியவற்றைக் கழுவி உலர்த்தியபின் சாராயக் கரைசலால் துடைக்கவேண்டும். ஈரக் கையால் டப்பாவில் அடைக்கக்கூடாது. விரல் விட்டு எடுக்கும் அகன்ற டப்பாவைவிட அழுத்தி எடுக்கும் குழாய் நல்லது.

ஒவ்வொரு தடவை செய்யும்போதும் தேதி, எடுத்த அளவு, சூடு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, அந்தத் தொகுதியில் ஒரு டப்பாவைத் தனியே எடுத்து வைக்கவேண்டும். புதிய தயாரிப்பைக் குறைந்தது மூன்று மாதம் வீட்டு வெப்பத்திலும் வெயில் படும் அறையிலும் வைத்துப் பார்க்கவேண்டும். பிரியாமலும் நிறம், மணம் மாறாமலும் இருந்தால், ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்ச் சோதனை செய்தபின்னரே விற்பனை பற்றி எண்ணவேண்டும்.

காய்க் கணக்கு

முதல் போடும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது அவசியம். நல்ல நெட்டைத் தென்னையின் ஒரு காயில் சுமார் 150 கிராம் கொப்பரை தேறும். 100 கிலோ கொப்பரையில் 60 முதல் 65 கிலோ எண்ணெய் கிடைக்கும். அதாவது ஒரு காய்க்குச் சுமார் 90 கிராம் எண்ணெய்.

ஒரு கிலோ சுத்தமான தேங்காய் எண்ணெயை விற்றால் 11 காய்கள் செலவாகும். தேங்காய் எண்ணெய் மட்டும் கொண்டு செய்யும் ஒரு கிலோ குளியல் சோப்புக்கு 7 முதல் 8 காய்கள் போகும். ஒரு கிலோ கிரீமுக்கோ இரண்டு காய்கூட முழுதாகத் தேவையில்லை. 1000 காய்களின் எண்ணெயைக் கிரீமாக்கினால் 600 கிலோ வரும். 50 கிராம் டப்பாவில் அடைத்தால் 12,000 டப்பா. ஏக்கருக்கு 70 மரம் வைத்திருக்கும் விவசாயிக்கு ஒரு வெட்டில் கிடைப்பதே ஏறக்குறைய அவ்வளவு காய்தான். 45 நாளுக்கு ஒரு முறை 12,000 டப்பா விற்க எந்தக் கிராமக் குழுவாலும் இயலாது.

இதனால் தெரிவது என்ன? கிரீம் தயாரிப்பு என்பது விளைந்த காயைத் தீர்க்கும் வழியன்று. அதில் வரும் வருமானம் கைவேலைக்கும் சுத்தத்துக்கும் வாங்குபவர் வைக்கும் நம்பிக்கைக்கும் கிடைப்பது. குழுவில் நாலைந்து பெண்களுக்குப் பகுதிநேர வேலையாக அதைக் கொள்ளலாம். தோப்பின் வருமானத்தை உயர்த்த வேண்டுமென்றால் நல்ல கொப்பரை, நல்ல எண்ணெய், அதன்பின் சோப்பு என்ற வரிசையில் செல்வதே ஏற்றது. கிரீமை நம்பிக் கடன் வாங்கி இயந்திரம் போட்டவர்கள் தவணை கட்டத் திணறுவதற்கு, இந்தக் கணக்கை முதலில் போடாததே காரணமாகிறது.

உரிமம் இல்லாமல் விற்கக்கூடாது

கிரீம், கண்டிஷனர், ஷாம்பு, குளியல் சோப்பு எல்லாமே 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்துக்கு உட்பட்டவை. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, விற்பனைக்காகத் தயாரிப்பவர் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் பெறவேண்டும். தனி இடமும், வேதியியல் அல்லது மருந்தாளுநர் படிப்புப் படித்த ஒருவரின் மேற்பார்வையும் தேவை. வீட்டுச் சமையலறையில் செய்து விற்பதற்கு உரிமம் கிடைக்காது. உரிமம் பெற்ற மற்றொருவரின் தொழிற்கூடத்தில் தயாரித்துத் தம் பெயரில் விற்பதற்கும் விதிகளில் வழி உண்டு. சிறு குழுக்கள் முதலில் இந்த வழியை விசாரிப்பது செலவைக் குறைக்கும்.

லேபிளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, நிகர எடை, சேர்மானப் பட்டியல் ஆகியவை இருக்கவேண்டும். தேமல் போகும், படை ஆறும், முடி வளரும் என்று நோய் தீர்க்கும் பொருளைப்போல எழுதக்கூடாது. சித்த, ஆயுர்வேத மருந்தாக விற்க விரும்பினால் அதற்கு வேறு உரிமம் தேவை. சந்தேகங்களுக்கு மாவட்டத் தொழில் மையத்தையும், பயிற்சிக்கு அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.

கொப்பரையில் கவனம்

எந்தப் பொருள் செய்தாலும் அடிப்படை கொப்பரையே. 12 மாதம் முற்றிய காயையே உடைக்கவேண்டும். இளங்காயில் கொப்பரை சுருங்கும், எண்ணெய் குறையும். ஈரப்பதம் 6 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொப்பரையில் பூஞ்சணம் பிடிக்கும். எண்ணெய் நிறம் மங்கிக் காறல் வாடை வரும். தரையில் கொட்டி உலர்த்தாமல் தார்ப்பாயிலோ சூரிய உலர்த்தியிலோ உலர்த்தவேண்டும். வெள்ளையாகத் தெரிவதற்காகக் கந்தகப் புகை போடுவதை அடியோடு விடவேண்டும். நல்ல எண்ணெய் கிரீமில் வாடை தராது, சோப்பில் மஞ்சளிக்காது, சமையலுக்கு விற்றாலும் முழு விலை பெறும்.

கிரீமுக்குக் கெட்டிப் பதத்தைத் தரும் மெழுகைக் கடையில் கிலோக் கணக்கில் வாங்கிவிடலாம். நல்ல எண்ணெயும் சுத்தமான கையும் அப்படிக் கிடைப்பவை அல்ல. அவை தோப்பிலிருந்தும் வீட்டிலிருந்தும் வரவேண்டியவை. தென்னை விவசாயக் குடும்பங்கள் முதலில் ஒரு கிலோ அளவில் செய்து, மூன்று மாதம் வைத்துப் பார்த்து, காய்க் கணக்கையும் போட்டுப் பார்த்த பிறகு முதலீட்டில் இறங்கினால் நஷ்டத்தைத் தவிர்த்து நல்ல பலன் பெறலாம்.